என் கையெழுத்தை ஏற்காத லேப்டாப்

அந்த வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் அப்போது பில் போட்டுக்கொண்டிருந்தேன். மூடிப்போன ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டிய லேப்டாப்பை வாங்கி, விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்டு, அனிமேஷனை நானாகவே கற்றேன். ஒரு ஸ்டூடியோவுக்கு விண்ணப்பித்தபோது, என் முகவரியைப் பார்த்தவர், அந்தப் பக்கமெல்லாம் அனிமேஷன் சொல்லித் தருகிறார்களா என்று போனில் கேட்டார். பிறகு, சனிக்கிழமை மதியத்துக்குள் பத்து நொடிப் படம் ஒன்று அனுப்பச் சொன்னார். காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தை ஒரு விசைப்படகு நெருங்குகிற காட்சியைச் செய்யத் தொடங்கினேன்.

வியாழக்கிழமை லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அதோடு கிராபிக்ஸ் கார்டு படுத்துவிட்டது. கார்டு இல்லாமல் மெஷின் படத்தை வரைந்து முடிக்க ஒன்பது நாள் ஆகுமாம்.

மெஷின் தொடங்கும்போதே காவல் நிற்கிற செக்யூர் பூட்தான் காரணம். தெரிந்த கையெழுத்து இல்லாத எதையும் அது உள்ளே விடாது. கார்டை இயக்கும் டிரைவர் என்கிற புரோகிராம் புதிய லினக்ஸுக்காக என் மெஷினிலேயே தயாரானது. அதில் யார் கையெழுத்தும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். செக்யூர் பூட்டை அணைக்கலாம் என்றால், அந்த செட்டிங்குக்குப் பழைய ஆபீஸ்காரர்கள் பாஸ்வேர்டு போட்டிருந்தார்கள். ராயபுரத்தில் லேப்டாப் சரிசெய்கிற கடைக்காரரிடம் கொண்டுபோனேன். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

“இத்த வுட்று யக்கா. பெரிய கம்பெனி கையெழுத்து இல்லாம எதுவும் உள்ள போவாது. நாம போட்டா எவன் மதிப்பான்?”

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. சிறுவயதில் என் சான்றிதழ் நகலுக்குப் பச்சை மைக் கையெழுத்து வாங்க, ஓர் அதிகாரி வீட்டு வாசலில் அம்மா மூன்று நாள் நின்றாள். இப்போது அதே நகலில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும். கவர்மென்டே ஒத்துக்கொண்டதை இந்த டப்பா ஒத்துக்கொள்ளாதா?

ஒத்துக்கொள்ளும் என்று நெட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன். சொந்தமாக ஒரு சாவி உருவாக்கி, அதைக்கொண்டு டிரைவரில் கையெழுத்திட்டு, இந்தச் சாவியை நம்பு என்று மெஷினுக்கு மனுப் போடலாம். பழைய ஆபீஸின் பாஸ்வேர்டு தேவையே இல்லை. சாவிக்குப் பெயர் கேட்டது. போனில் கேட்டவர் ஞாபகம் வந்தது. திருவொற்றியூர் என்று வைத்தேன்.

வெள்ளி காலை மனுப் போட்டு மெஷினை நிறுத்தித் தொடங்கினேன். தெருவில் தண்ணி லாரி ஹார்ன் கேட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தால் கார்டு படுத்தபடியே இருந்தது. சாவியில்தான் கோளாறு என்று மதியத்துக்குள் இன்னும் மூன்று சாவி செய்தேன். ஒவ்வொரு தடவையும் மெஷின் தொடங்கும்வரை ஏதாவது வேலை பார்க்க எழுந்துபோனேன். அப்புறம்தான் அவசரத்தில் தாண்டிவிட்ட வரியைப் படித்தேன். மெஷின் தொடங்கும்போது ஒரு நீலத் திரை வரும். பத்து வினாடிக்குள் ஒரு பொத்தானை அழுத்தி, மனுவோடு கொடுத்த பாஸ்வேர்டைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. தப்பு சாவியில் இல்லை, குடத்தில்.

சாயங்காலம் முதல் சாவிக்கே மறுபடி மனுப் போட்டேன். அடுத்த லாரி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் நகரவில்லை. நீலத் திரை வந்ததும் அழுத்தின அழுத்தில் பொத்தான் பெயர்ந்திருக்கும். கார்டு எழுந்துகொண்டது. நம்பத்தக்க சாவிகளின் பட்டியலைத் திறந்தேன். ஏற்கெனவே இருந்த பெரிய கம்பெனிப் பெயருக்குக் கீழே திருவொற்றியூர் இருந்தது. அன்றிரவு வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. எனக்குத் திமிர் இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் படத்தை அனுப்பினேன். வேலை கிடைத்தது.

என் கதையைக் கேள்விப்பட்டு, போன மாதம் அதே கடைக்காரர் ஒரு லேப்டாப்போடு வந்தார். காலேஜ் பெண் ஒருத்தியுடையதாம், இதே தகராறாம். என் கையெழுத்தை அதிலும் போட்டுத் தரச் சொன்னார். முடியாது என்றேன்.

“அந்தப் பொண்ண இட்டுகினு வா, நைனா. அவ கையெழுத்த அவளே போடட்டும். தண்ணி புட்ச்சி வச்சிட்டு வரச் சொல்லு.”