ஹெட்லைட்டும் பெட்ரோல் துணியும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நடந்ததிலும் பாதி மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டேரிப்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். பைபாஸில் வெளிச்சம் போதவில்லை என்று பெரிய வாட்ஸ் பல்பு வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். அந்தச் சூட்டில் ஹெட்லைட் மூடி இரண்டும் உட்பக்கம் கருகின தோசை மாதிரி பழுப்பேறிவிட்டன. பார்த்தால் கண்ணாடிபோலத் தெரியும், ஆனால் பிளாஸ்டிக்.

"ராத்திரில சூரியன் வேணும்னாரு. இப்ப நிலாவும் இல்ல," என்றாள் மகள்.

மறுநாள் திண்டிவனத்தில் எஃப்.சி., வண்டியின் தகுதிச் சோதனை. விளக்கு மங்கினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி நின்றால் வீட்டுப் பிழைப்பும் நிற்கும். விழுப்புரத்துப் பழைய ஸ்பேர் கடைகளில் தேடினார், அந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், அந்த வாட்டர் பேப்பரும் பாலிஷும் வாங்கி வந்தார்.

மகள் வேலைக்குப் போய்விட்டாள். "இட்லிப் பானைய எடுத்துக்கறேங்க அத்தை," என்றார். தலையை ஆட்டினேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் நேருக்கு நேர் பேசினதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான். கூச்சம், வேறொன்றுமில்லை.

ஹெட்லைட்டைக் கழற்றிப் பானை ஆவியில் காட்டியதும் பசை இளகி மூடிகள் கழன்று வந்தன. முரட்டுத் தாளில் தொடங்கி நைசுத் தாள்வரை தண்ணீர் விட்டுத் தேய்த்தார். பழுப்பு போய் வெள்ளையாக மங்கியது. பாலிஷ் போட்டதும் தெளிந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் பசை பிசுபிசுத்தது. பெட்ரோலில் துணியை நனைத்தார்.

முன்பு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒட்டியிருந்த லேபிள் பசையை நான் பெட்ரோலால் துடைத்ததில் டப்பா முழுக்க வெடிப்பு ஓடியது. சொல்ல மகள் இல்லை. வாசலில் ஆடு கட்டியிருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"பெட்ரோலு பட்டா வெடிச்சிடும்னு சொல்லு."

அவரும் ஆட்டைப் பார்த்தார். "அது எப்ப எங்கிட்ட வந்து சொல்றது அத்தை?" சிரித்துக்கொண்டே துணியை மூடியின் மூலையில் வைத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"வாணாங்க! கைய எடுங்க!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் கையை எடுத்துவிட்டார். பட்ட மூலையில் மட்டும் மயிரிழைபோல நாலைந்து கோடு விழுந்தது. மீதிப் பசையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, மூடிகளைத் திரும்ப ஒட்டி, பழைய பல்பையே மாட்டினார்.

மறுநாள் எஃப்.சி. கிடைத்தது. மூலைக் கோட்டை யாரும் கேட்கவில்லையாம்.

"ஆடு சொன்னதக் கேட்டீங்களா?" என்று நடந்ததைக் கேள்விப்பட்ட மகள் அவரிடம் கேட்டாள்.

"கேட்டுக்கினேன். குரல்தான் உங்கம்மா மாதிரியே இருந்துச்சு."

இப்போதும் ஏதாவது சொல்வதானால் ஆட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவர் நேராக எனக்குப் பதில் சொல்கிறார்.

எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்பது நினைவில்லை. எல்லாக் கார் மூடிக்கும் பெட்ரோல் ஆகாதா என்பதும் தெரியாது. இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது படித்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.