பக்கத்துப் படுக்கை எஸ்தர் அக்கா

சிறுநீரகம் கெட்டு, திருப்பதி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய நாட்களில் நான் யாரிடமும் பேசமாட்டேன். பக்கத்துப் படுக்கையில் பிச்சாட்டூர் எஸ்தர் அக்கா. சர்க்கரை நோயில் அவருக்குக் கண்பார்வையும் போயிருந்தது. ஆனாலும் ஊசி குத்தும்போதுகூட, “ஸ்தோத்திரம் ஏசப்பா” என்று சிரிப்பார், எனக்காகவும் ஜெபிப்பார்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்: “உன் சாமி உனக்கே ஒண்ணும் செய்யலையேக்கா?”

அவர் கோபப்படவில்லை. கையை நீட்டித் துழாவி, என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

“இருட்டுல தனியா படுத்துக்கினு இருந்தேம்மா. பேச ஒரு ஆளு குடுன்னு கேட்டேன். உன்னைக் குடுத்துக்கீறாரே! நீதான் வாயே தொறக்கமாட்டேன்ற.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று ஊசியைக் கழற்றும்வரை பேசிக்கொண்டே இருந்தோம்.

நான் அம்மனைக் கும்பிடுகிறவள், இன்றும் அப்படித்தான். ஆனாலும் ஒருவர் வேண்டிக் கேட்டு வந்தவள் நான் என்கிற நினைப்பு, இந்த நோயிலும் என்னைச் சந்தோஷமாக வைத்திருக்கிறது.