மச்சாளின் விசாரணை

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் நோபல் பார்க்குக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருடம் இருக்கும். பக்கத்து வீட்டில் எழுபது வயது வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய அப்பாவின் அப்பா அமெரிக்காவில் ஒஹாயோவில் பிறந்த டொக்டர். தங்கம் தோண்டும் காலத்தில் இங்கே வந்தவர். மனைவி இறந்ததும் சிறுபிள்ளையாக இருந்த மகனைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, மிஷன் ஆஸ்பத்திரி வேலைக்கென்று இலங்கைக்குக் கப்பலேறினார். திரும்பி வரவேயில்லை. "என்னைக் கைவிட்டுப் போனவர்" என்று சொல்லிச் சொல்லியே அந்த மகன், அதாவது கிழவரின் அப்பா, செத்துப்போனாராம்.

அது உண்மையா என்று அறியத்தான் கிழவர் பல வருடங்களாக அலைந்தார். ஒஹாயோவில் தாத்தா பிறந்த பண்ணை, படித்த கல்லூரி, கூடப்பிறந்தவர்கள் எல்லாம் தேடிப் பிடித்துவிட்டார். இலங்கையில் 'வடக்கு' என்பதோடு கதை நின்றுவிட்டது. நான் யாழ்ப்பாணம் என்று தெரிந்த நாளிலிருந்து என்னையும் விடவில்லை. நூறு வருடக் கதை, எனக்கு என்ன தெரியும்? உதட்டைப் பிதுக்கினேன்.

அந்தப் பொங்கலுக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். ஊரிலிருந்து என் கணவரின் அக்காவும் வந்திருந்தார். மச்சாளுக்கு ஒரு பழக்கம். யாரைக் கண்டாலும் ஊர், பேர், தகப்பன், பாட்டன் எல்லாம் விசாரித்து, ஏதாவது ஒரு சொந்தம் பிடித்த பிறகுதான் ஓய்வார். வெள்ளைக்காரரிடமும் தொடங்கிவிட்டார்.

"ஐயா எந்த ஊர், அப்பப்பா என்ன தொழில் எண்டு கேளும்."

"மச்சாள், சும்மா இருங்கோ! இங்க அப்பிடிக் கேக்கக் கூடாது."

"ஏன், அவருக்கு அப்பப்பா இல்லையோ?"

மானம் போகிறதே என்று நொந்துகொண்டு மொழிபெயர்த்தேன். கிழவரோ எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மகனை விட்டுவிட்டு வந்த டொக்டர் என்றதும் மச்சாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒரு கால் சாய்ச்சு நடக்கிறவரோ?"

கிழவரின் முகம் வெளுத்துப்போனது. தங்கக் குழியில் விழுந்து முறிந்த காலாம்.

"ஐயோ, அது எங்கட ஊர் டொக்டர் வளவில இருந்த வெள்ளைக்கார டொக்டரெல்லோ! மகனிட்டப் போறன் எண்டு பெட்டியெல்லாம் ஏத்தி, கப்பலுக்குப் போக வண்டிலில ஏறி இருந்தவராம். ஊரில கொலரா எண்டு ஆள் ஓடி வந்ததும் இறங்கிட்டாராம். அப்ப சின்னப் பிள்ளையா இருந்த எங்கட அப்பப்பாவைக் காப்பாத்தினதே அவர்தான். கடைசியில அவரையும் அந்தக் கொலரா வருத்தமே கொண்டு போட்டுது. எங்கட வளவுக்குப் பக்கத்திலதான் கல்லறை. வருசா வருசம் நாங்கள்தான் வெள்ளை அடிக்கிறது."

அதை அப்படியே கிழவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கிழவர் எழுந்து, "தாத்தா புறப்பட்டிருக்கிறார்! என் அப்பாவிடம் வரப் புறப்பட்டிருக்கிறார்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். எங்கள் போனிலேயே சிட்னியில் பிளாக்டவுனில் இருந்த தங்கையை அழைத்தார். அழுகையும் சிரிப்புமாக அவர் போட்ட சத்தத்தில் பொங்கலை எல்லோரும் மறந்துபோனோம்.

மச்சாள் ஊருக்குப் போனதும் கல்லறையின் படத்தை அனுப்பினார். பளிச்சென்ற வெள்ளைச் சுண்ணாம்பு. நடுவில் தாத்தாவின் பெயர் தெளிவாக இருந்தது. கிழவர் அதைத் தன் அப்பாவின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

இப்போது யார் புதிதாக வந்தாலும் நானே முதல் ஆளாக, "எந்த ஊர், அப்பப்பா ஆர்?" என்று தொடங்கிவிடுகிறேன். பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும். ஒரு மகன் சாகும்வரை அறியாமல் போனதை, அவருடைய மகன் எங்கள் சாப்பாட்டு மேசையில் அறிந்துகொண்டதைக் கண்ணால் பார்த்தவள் நான்.