மலையடிவாரத்திலிருந்து மூணு போன்

நான் கோவக்காரி. அத மொதல்லயே சொல்லீர்றேன், இல்லீன்னா பின்னால சொல்றது எதுவும் புரியாது.

மல்லசமுத்திரம் பக்கத்துல எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. ஒரே ஒரு ஷெட்டு, கிழக்கு மேற்கா நீளமா நிக்கும். மேல சிமெண்ட் அட்டை, ரெண்டு பக்கமும் கம்பிவலை, வலைக்கு மேல சுருட்டிக் கட்டின படுதா. மழைக்காத்து வந்தா கயித்த அவுத்துப் படுதாவ எறக்கோணும், போனதும் மறுபடி சுருட்டோணும். நானும் எங்க ஊட்டுக்காரரும் சேந்து எறக்கினா அரைமணி நேரம் ஆவும். கூண்டுல நிக்கற கோழிக்கு ஓட எடமில்லை. அதுகளுக்கும் சேத்து நாமதான் வானத்தப் பாக்கோணும்.

ஐப்பசி பொறந்தா தெனமும் காலைல பண்ணைக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல வானிலை வந்துரும். காத்து வடகிழக்குல இருந்து அடிக்கும், சமவெளில ஓரிரு இடங்கள்ல இடியோட மழை, மலைப்பக்கம் கனமழை, பண்ணையாளர்கள் பக்கவாட்டுப் படுதாவ எறக்கிக்கோங்கன்னு. ஓரிரு இடமாம். அது எந்த எடம்னு சொல்றதுக்குத் துப்பில்லை.

அதனால எங்களுக்குன்னு தனியா ஒரு ஆளு வெச்சிருந்தோம். என்ற அக்கா. கொண்டப்பநாயக்கன்பட்டில, ஏற்காடு மலைப்பாதை ஏறுற எடத்துல அவ ஊடு. மாடில துணி எடுக்கப் போனா மலை மூஞ்சிக்கு நேரா நிக்கும். மேகம் மலைய மூடிட்டுக் கீழ எறங்கி எங்க தெசைக்கு நகந்துச்சுன்னா உடனே போன் போடுவா. மலை தெரியல சாமி, எறக்கிக் கட்டிக்கன்னு சொல்லுவா, அவ்வளவுதான் பேச்சு. அப்பறம் ஒரு மணி நேரத்துல காத்து எங்க ஷெட்டுல இருக்கும். பல வருசம் இப்படித்தான் கோழிகளக் காப்பாத்துனோம்.

ஒரு வருசம் அவ பார்வை தப்புச்சு. ஒரே வாரத்துல மூணு தடவை. அவ சொல்லுவா, நாங்க எறக்குவோம், மேகம் ஆத்தூர்ப் பக்கம் போயிரும். மூணாவது தடவை சாயங்காலம் வரைக்கும் படுதாவ மூடியே வெச்சோம். பொட்டு மழை இல்லை. உள்ள ஒரே புழுக்கம். தொறந்து பாத்தா வரிசை வரிசையாக் கோழி வாயப் பொளந்துட்டுத் தலையத் தொங்கப் போட்டுச் செத்துக் கெடக்குது. ஒவ்வொண்ணா எடுத்துச் சாக்குல போடப் போட எனக்கு மண்டை கொதிச்சுது. சாக்க அங்கயே போட்டுட்டு போன எடுத்தேன். புலி வருது புலி வருதுன்னு எத்தன தடவை சொல்லுவன்னு கத்துனேன்.

"இனிமே மழைப்பேச்சு பேசறதுக்கு எனக்குப் போன் போடாத. நீ வாயத் தொறந்தா என்ற கோழி சாவுது."

அவ போன வெச்சுட்டா. மேகம் திரும்பிப் போனதுக்கு அவுங்க என்ன பண்ணுவாங்கன்னு எங்க ஊட்டுக்காரர் மெதுவாக் கேட்டாரு. அவர் மேலயும் பாஞ்சேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்லுவாங்க. ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை.

எட்டு நாள் கழிச்சு ஒரு மத்தியானம். வெயிலு பல்லக் காட்டுச்சு. குரூப்புல வழக்கம்போல ஓரிரு இடங்கள். ஊட்டுக்காரர் வடக்க பாத்துட்டு, வடக்குப் பக்கம் மட்டுமாவது பாதி எறக்கலாமான்னு கேட்டாரு. இன்னொரு சாக்குக் கோழி அள்ள எனக்குத் தெம்பில்லைன்னு சொல்லிட்டேன். அவர் கயித்தத் தொடல.

சோறு தின்னுட்டுத் தீவன ரூம்புல மக்காச்சோளம் கொட்டிட்டு இருக்கறப்ப போன் அடிச்சுது. அக்கா. கட் பண்ணுனேன். மறுபடி அடிச்சுது. மறுபடி கட் பண்ணுனேன். மூணாவது தடவை, அடிச்சுட்டே கெடன்னு சோளமூட்டை மேல கவுத்து வெச்சேன். யாருன்னு அவர் கேட்டாரு. வேலை இல்லாதவங்கன்னு சொன்னேன்.

ஒரு மணி நேரங்கூட ஆகல. மொதல்ல சத்தந்தான் வந்துச்சு. வடக்க பக்கத்துக் காட்டுச் சோளத்தட்டு மொத்தமா மடிஞ்சு படுத்துது. நான் வாசப்படிக்கு வர்றதுக்குள்ள மழை ஜல்லிய வாரி எறிஞ்சாப்பல மூஞ்சில அடிக்குது. இடி ஒண்ணு தலைக்கு மேலயே வெடிச்சுது. காத்து வலைக்குள்ள பூந்து கூரைய முட்டுச்சு. ஊட்டுக்காரர் வடக்குப் படுதாவுக்கு ஓடி ஒரு கயித்த அவுத்தாரு, இன்னொண்ண நான் அவுத்தேன். பாதி எறங்கறதுக்குள்ள படுதாவுல காத்து ரொம்பி, டர்ருன்னு கிழிஞ்சுது. கயிறு என்ற உள்ளங்கைத் தோல உரிச்சுட்டு ஓடுச்சு, நுனியத்தான் புடிக்க முடிஞ்சுது. படுதா அடில கனத்துக்குக் கோத்திருக்கற இரும்புக் குழாய் வீசி வந்து அவர் வலது முழங்கைல அடிச்சுது. அத்தன இடிச் சத்தத்துலயும் அந்த எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

அந்தக் கை தொங்குது. மனுசன் இடது கைல கயித்தப் புடிச்சுட்டு என்னயப் பாத்து, "உட்றாத புள்ள, உட்றாத"ங்கறாரு.

நான் உட்டுட்டேன். ஓடிப் போய் அவர இடுப்போட சேத்துப் புடிச்சு இழுத்தேன். நாங்க தீவன ரூம்புக்குள்ள விழுகறதுக்கும் நாங்க நின்ன எடத்துல கூரை அட்டை விழுகறதுக்கும் சரியா இருந்துச்சு. அடுத்தடுத்து அட்டை பேந்து கூண்டு மேல விழுந்து ஒடஞ்சுது. ஒரு வரிசைக் கூண்டு அப்படியே சாஞ்சு அடுத்த வரிசைய அமுக்குச்சு. மொதல்ல அத்தன கோழியும் அலறுச்சு. அப்பறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நாசமாப் போற மழையேன்னு நான் தொண்டை கிழியக் கத்துனேன். மழை கேக்குமா?

சோளமூட்டை மேல போன் மறுபடி அதிர்ந்துச்சு. எடுத்துக் காதுல வெச்சேன். அவ பக்கமும் மழைச் சத்தந்தான்.

"கட்டிட்டியா சாமி?"



மறுநாள் மொதப் பஸ்ஸுல அக்கா வந்தா. சேலையத் தூக்கிச் சொருகிட்டு, சேத்துல நின்னு, எனக்குச் சமமாச் செத்த கோழிய அள்ளிப் போட்டா. போன் போட்டேனே, ஏன் எடுக்கலன்னு அவ கேக்கவே இல்லை. பளார்னு ஒண்ணு வெச்சிருந்தா எனக்கு ஆறியிருக்கும்.

திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரில கைக்குப் பிளேட் வெச்சாங்க. முழங்கை இன்னும் முழுசா நீளாது. கயிறு இழுக்கறதெல்லாம் இப்ப இடது கைலதான். அவரும் என்னய ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கல.

இந்த ஐப்பசிலயும் அக்கா தெனமும் போன் போடறா. மொத மணிலயே எடுத்தர்றேன். சாப்பிட்டியான்னு கேப்பா, மாப்பிள்ளைக்குக் கை எப்படின்னு கேப்பா. மலை எப்படிக்கா இருக்குதுன்னு நானாத்தான் கேக்கோணும்.

"எனக்கென்ன தெரியும் சாமி. குரூப்புல போட்டிருப்பாங்க, பாரு."

அவ்வளவுதான், வெச்சுருவா. வெச்ச ஒடனே நான் கெளம்பிப் போய்க் கயித்த அவுக்கறேன். வெளிய வெயில் கொளுத்துது, கோழி வாயப் பொளக்குது. ஊட்டுக்காரர் ஒண்ணும் கேக்காம இன்னொரு கயித்த இடது கைல புடிச்சு எறக்கறாரு.