சித்திரையில் பார்த்த சாலை

அமோனியா வாசனை. கண்ணைக் கரிக்கும்.

மேப்புகளைப் பிரிண்ட் எடுக்கும் மெஷின் இருந்த அறைக்கு ஒரே ஜன்னல்தான்... அதையும் பழைய ஃபைல்கள் பாதி மறைத்திருந்தன. பிரிண்ட் வெளியே வரும்போது காகிதம் லேசாகச் சூடாக இருக்கும். அதைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். பிளானிங் அசிஸ்டென்ட். முதல் வேலை.

எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வந்து மேப்பில் கலர் அடிக்க வேண்டும். வீட்டுக்கு மஞ்சள். கடைக்கு நீலம். தொழிற்சாலைக்கு ஊதா. வயலுக்குப் பச்சை. வீட்டுக்குள்ளேயே தறி ஓடினால் மஞ்சளா ஊதாவா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். டிராஃப்ட்ஸ்மேன் செல்வராஜ் சார் மட்டும் எதிலும் கலந்துகொள்ள மாட்டார். பென்சில் சீவிக்கொண்டே இருப்பார்.

மே மாத வெயிலில், டிவிஎஸ் 50-யில், வாலாஜாபாத் போகும் வழியில் உள்ள கிராமங்களுக்குப் போனேன். ஒரு கிராமத்தில் அகலமான மண்பாதை. சைக்கிள் தடம், மாட்டுவண்டித் தடம். ஒரு மைல் தூரம் நானே அதில் ஓட்டிப் போனேன். பழைய கிராம வரைபடத்தில் அந்த இடத்தில் இரண்டு இணைகோடுகள் இருந்தன. பக்கத்தில் எழுதியிருந்த பெயர் மடிப்பில் கிழிந்துபோயிருந்தது.

சாலை என்று குறித்தேன். சந்தேகமே வரவில்லை.

புரட்டாசியில் வரைவு மேப்பை வராந்தாவில் ஒட்டினோம். ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம். வந்தவர்கள் எல்லாரும் அவரவர் மனை எந்தக் கலரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் தனலட்சுமி என்று ஒருவர் வந்தார். அந்தக் கிராமத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் மஞ்சள் பை. மேப் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"எங்க கால்வா எங்கம்மா இதுல?"

அவர் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். "இது ரோடுங்க. நானே வண்டியில போயிருக்கேன்."

"எப்போ போன?"

"மே மாசம்."

அவர் சிரிக்கவில்லை.

"சித்திரைல எங்க நாத்தனா கல்யாணப் பந்தலே அதுலதான் போட்டோம். நீ அப்போ வந்திருந்தீனா, கல்யாண மண்டபம்னு கலர் அடிச்சிருப்ப."

பின்னால் பென்சில் சீவும் சத்தம் நின்றது.

அது ஏரித் தண்ணீர் போகும் கால்வாய். அவருடைய இரண்டு ஏக்கர் அதன் கடைசியில் இருந்தது. நான் வரைந்த அந்தச் 'சாலை'யை வழியாகக் காட்டி, ஒருவர் மனை பிரிக்க ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தார். அந்த ஃபைல் எங்கள் ஆபீஸரின் மேஜையில் இருந்தது. கையெழுத்தானால் கால்வாயில் மண் விழும்.

"அதுல தண்ணி வரலன்னா, எங்க நெலத்துக்கு நீ என்னா கலர்னா அடிச்சிக்கோ" என்றார்.

செல்வராஜ் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். புரொபேஷன் இன்னும் முடியவில்லை, ஆட்சேபப் பதிவேட்டில் 'பரிசீலிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதும், யாரும் தோண்டமாட்டார்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

திரும்பி வந்தேன். தனலட்சுமி அக்கா வெள்ளைத்தாளை நீட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்து போட வரும், மனு எழுத வராதாம். நீயே எழுது என்றார்.

என் மேப்புக்கு எதிரான ஆட்சேபத்தை நானே எழுதினேன்.

ஒரு இடத்தில் பேனா நின்றது. யார் தவறு என்று எழுத வேண்டிய இடம். அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"தப்பா போட்டாங்கன்னு எழுதாதம்மா. வெயில் காலத்துல வந்து பாத்ததால தெரியலன்னு எழுது."

ஆபீஸர் மனுவைப் படித்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தார். மேப்பும் நான் போட்டதுதான் சார் என்றேன். அவர் மனை ஃபைலை எடுத்து ஓரமாக வைத்தார். ஏரி மதகு திறந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு வந்து ரிப்போர்ட் எழுதச் சொன்னார்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் போனேன். அதே இடம். முழங்கால் அளவு தண்ணீர், செம்மண் நிறத்தில், அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா எதிர்க்கரையில் நின்றிருந்தார்.

"எறக்கும்மா வண்டிய. பாக்கலாம்" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

மேப் திருத்தப்பட்டது. புரொபேஷனும் ஒழுங்காக முடிந்தது.

இப்போது எல்லாம் திரையில். சாட்டிலைட் படத்தில் கிணறுகூடத் தெரிகிறது. என் டீமில் உள்ளவர்களிடம், ஒரே இடத்துக்கு மே மாதப் படமும் டிசம்பர் படமும் கேட்பேன். மேடம் ஏன் டபுள் வேலை வைக்கிறார் என்று அவர்களுக்குள் பேச்சு. பேசட்டும்.

போன டிசம்பரில் அந்தப் பக்கம் போனேன். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. கால்வாய் இருக்கிறது. தண்ணீரும். தனலட்சுமி அக்கா குடும்பம் எங்கே என்று விசாரித்தேன். அங்கே யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வீடு கட்டிய ஒருவர் பைக்கில் சாய்ந்துகொண்டு அலுத்துக்கொண்டார்.

"எவன் போட்ட பிளானோ மேடம்... இந்தக் கால்வாயால அர கிலோமீட்டர் சுத்திக்கினு வர வேண்டியதா இருக்குது."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல பாராட்டுகளில் அது ஒன்று. பாதிக்கு மேல் அக்காவுடையது.