வாசலில் விட்ட புள்ளி

கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள். படுத்திருந்தவள் என் மனைவி. கால்மாட்டில் டாக்டர், சின்ன வயது மலாய்க்காரப் பெண். சன்னலோரம் என் மகள், ராத்திரி ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை உடுப்போடு வந்தவள். அவள் பக்கத்தில் என் மச்சான், மனைவியின் தம்பி. அப்புறம் நான்.

மனைவிக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் ஒரு புண். செருப்புக் கடி என்று விட்டுவிட்டாள். கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

டாக்டர் மலாயில் நிதானமாகச் சொன்னார். விஷம் மேலே ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். மத்தியானம் ஆபரேஷன் அறை கிடைக்கும், அதற்குள் கையெழுத்து வேண்டும். நினைவோடு இருக்கும்வரை அவள்தான் போட வேண்டும். எங்கள் கையெழுத்து செல்லாது.

"போட மாட்டேன்," என்றாள் மனைவி.

மச்சான் கேட்டான். "ஏன்க்கா?"

"கால எடுத்துட்டா எப்படிடா குந்தி கோலம் போடுவேன்?"

"உசுரு போற நேரத்துல கோலமாக்கா? போறவன் வர்றவன் மிதிக்கிற காரிடாரு அது."

"யாரும் மிதிக்கல. நீதான் மிதிப்ப."

மகள் அழுதாள். மனைவி அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில், அடுக்குமாடி. நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். விடியுமுன் கிளம்புவேன். அதற்கு முன்பே அவள் எழுந்து, கதவுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் கோலம் போட்டிருப்பாள். நான் தாண்டிப் போவேன். சாயங்காலம் வரும்போது காற்றும் மழைச்சாரலும் பாதியைக் கொண்டுபோயிருக்கும். ஒரு தடவை கேட்டேன், அழியறத எதுக்குப் போடுறே என்று. "சோறும்தான் ஆக்குறேன். தின்னா தீந்து போவுது. அதை ஏன்னு கேட்டீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"என்னாங்க. வாசல் மொட்டையா கெடக்கும். போயி ஒரு கோலம் போடுங்க. அப்புறம் பாக்கலாம்."

"எனக்குத் தெரியாது."

"அஞ்சு புள்ளி, அஞ்சு வரிசை. தெனம் பாக்குறீங்கல்ல."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, நேரம் இல்ல லா. கைய புடிச்சு கையெழுத்து போட வைங்க."

நான் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தேன்.

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. லிப்ட் கீழே வரவில்லை. படியேறினேன். மாவு டின் கதவுக்குப் பின்னால் இருந்தது. குந்தினேன். முட்டி வலித்தது. மாவு விரலிடையில் நிற்கவில்லை. கட்டி கட்டியாகக் கொட்டியது. புள்ளி வைத்தேன். கோடு இழுத்தேன். கோடு எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்பும் என்று தெரியவில்லை. எத்தனை வருஷம் தாண்டிப் போனவன். ஒழுங்காகப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி கதவைத் திறந்தார். சந்தைக்குப் போகும்போது சுவரோரமாக ஒதுங்கிப் போவாரே தவிர கோலத்தில் கால் வைக்காதவர். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன இது, மீ நூடுல்ஸ் கொட்டிப் போச்சா?" என்று மலாயில் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "போனைக் குடு. நான் பிடிக்கிறேன்," என்றார்.

மகளுக்கு வீடியோ கால் போட்டேன். மகள் போனை மனைவி முகத்துக்கு நேரே பிடித்தாள். இங்கே ஆன்ட்டி கோலத்துக்கு மேலே பிடித்தார்.

மனைவி பார்த்தாள். பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. அறை தயார் என்றார். ஆள் வராவிட்டால் அடுத்த நோயாளியைக் கொண்டுபோவார்கள் என்றார்.

"எண்ணுங்க," என்றாள் மனைவி.

எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினேன்.

"இருபத்தி நாலு."

"மூணாவது வரிசைல ஒன்னு விட்டுட்டீங்க. அதான் கோடு சேரல. அழிங்க அத."

"மாட்டேன்."

"அசிங்கமா இருக்கு. யாராச்சும் பாத்தா நான் போட்டதுன்னு நெனப்பாங்க. அழிங்க."

"நீ வந்து அழி," என்றேன்.

ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கால் இல்லாம எப்படி வருவேன்?" குரல் இறங்கிப் போயிருந்தது.

"நாற்காலில கொண்டாறேன். அதுவரைக்கும் இது இப்படியே கெடக்கும்."

திரையில் அவள் முகம் நகர்ந்தது. மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இருடா," என்றாள். பிறகு, "பேனாவக் குடு."

நான் திரும்பிப் போனபோது கட்டில் இருந்த இடம் காலி. நாங்கள் மூவரும் வெளியே நின்றோம். மச்சான் தேத்தண்ணி வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை. என் நகக்கண்ணில் மாவு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் டாக்டர் வந்து, பிழைத்துக்கொள்வாள் என்றார். மச்சான் அப்போதுதான் உட்கார்ந்தான்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கோலம் அங்கேயே கிடந்தது. மங்கியிருந்தது, ஆனால் இருந்தது. கூட்ட வருகிறவரிடம் ஆன்ட்டி சொல்லி வைத்திருந்தார். தன் செருப்பு அலமாரியைக் குறுக்கே இழுத்துப் போட்டுக் காற்றையும் மறைத்திருந்தார்.

சக்கர நாற்காலியை வாசலிலேயே நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாடு நடந்த மாதிரி இருக்கு."

கையை ஊன்றித் தரையில் இறங்கினாள். மகள் பிடிக்கப் போனாள். "தொடாத," என்றாள். ஈரத்துணி கேட்டு வாங்கி, நான் போட்டதைத் துடைத்தாள். தரை காயும்வரை காத்திருந்தாள். பிறகு மாவை எடுத்தாள்.

ஒரு வரிசை வைத்தாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து அடுத்தது. நெற்றியில் வேர்வை. மடங்கிய துணிக்குள் கட்டுப் போட்ட முட்டி தரையில் இடித்தது. பல்லைக் கடித்தாள். கடைசிப் புள்ளிக்கு உடம்பை முழுக்கச் சாய்க்க வேண்டியிருந்தது. விழுந்துவிடுவாள் என்று என் கை போனது. இழுத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தாள். "எண்ணுங்க," என்றாள்.

எண்ணினேன்.

இருபத்தைந்து.