குருவம்மாள் சித்தியும் அசையக்கூடாத விளையாட்டும்

சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் நாரணாபுரத்தில் யாருக்காவது கை வெந்துவிட்டது என்றால், எல்லாரும் முதலில் கேட்பது “எந்தக் கம்பெனி?” என்றுதான். குருவம்மாள் சித்திக்கு வெந்தபோதும் அப்படித்தான் கேட்டார்கள். பதில் சொல்லச் சித்திக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றிலும் வெடிமருந்து இருக்கிற ஊரில் அவள் கையைச் சுட்டது மைதாப் பசை. பட்டாசுக் குழாய் ஒட்டுவதற்காக வீட்டு முற்றத்தில் பசை காய்ச்சி, துணி பிடித்து இறக்கும்போது சட்டி சரிந்துவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடியிருக்கும். பசை ஓடவில்லை. வலது புறங்கையில் அப்பிக்கொண்டு, உள்ளே உள்ளே வேகவைத்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. பள்ளிக்கூடம் போகிற வயதில் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள். நாற்பதைத் தொடும்வரை அவள் கை நின்று நான் பார்த்ததில்லை. பகலில் கம்பெனியில் குழாய் உருட்டுவாள். வீட்டுக்கு வந்தால் காகிதக் கட்டைப் பிரித்து மறுபடி உருட்டுவாள். காகிதம் இல்லாத நேரத்திலும் விரல்கள் சும்மா இருக்காது. பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, கோயிலில் விபூதி மடித்துக் கொடுத்த தாள், எது கையில் வந்தாலும் அது குழாயாகிவிடும். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். விருதுநகரில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் படித்தேன். சான்றிதழைக் கொண்டுபோய்ச் சித்தியிடம் நீட்டியபோது, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எங்கக்கா மகன் டிகிரிடா!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது குழாயாகிவிட்டது. நேர்முகத் தேர்வுகளுக்கெல்லாம் அந்தச் சான்றிதழை மேசையில் நான்கு விரலால் அழுத்திப் பிடித்துத்தான் காட்ட வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்தெட்டில், தீபாவளிச் சீசன் சூடுபிடிக்கிற நேரத்தில் கை வெந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்துப் புறங்கையில் வைத்தார்கள். வைத்த தோல் அடியில் இருக்கும் சதையோடு பிடிக்க வேண்டும், பிடிக்கும்வரை கை அசையவே கூடாது என்று சொல்லி, அடியில் சட்டம் வைத்துக் கட்டி அனுப்பினார்கள். கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன.

சித்திக்கு அது போதும். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த நுனிகளால் குழாய்க்கு லேபிள் ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். மறுபடி மதுரைக்குப் போய்க் கட்டைப் பிரித்தபோது, தோல் பிடிக்காமல் ஒரு பக்கமாக நழுவிச் சுருங்கிக் கிடந்தது.

“என்ன செஞ்சீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஒண்ணும் செய்யலையே.”

டாக்டரம்மா திட்டவில்லை. மறு தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: “இந்தத் தடவையும் பிடிக்கலேன்னா, விரல் நீட்டுனபடியே நின்னுரும்மா. சோத்தைப் பிசையக்கூட மடங்காது.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சித்தப்பா முத்துக்கருப்பன் லாரியில் லோடு ஏற்றுகிறவர். கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு வந்தார். மடங்காத கையை எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்? அதைவிட, தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாமல் கிடக்க வேண்டுமா என்பதுதான் அவளைத் தின்றது என்று பிறகு என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த முறை காவல் பலமாக இருந்தது. சித்தி மகள் வேல்விழி பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் போகும்முன் அம்மாவின் கையைத் தலையணைமேல் வைத்து, துண்டால் கட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் துண்டின் ஓரம் முழுக்கச் சுருண்டு கிடக்கும்.

“அம்மா, மறுபடியும் விரல அசைச்சிருக்க.”

“நா எங்கடி அசைச்சேன்? நீ கெட்டுன லட்சணம், துண்டு தானா சுருண்டிருக்கு.”

அவள் பொய் சொல்லவில்லை. தன் விரல் அசைவது அவளுக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் அப்போது வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, சிவகாசி, திருத்தங்கல் அச்சகங்களுக்குப் பட்டாசு லேபிள் டிசைன் செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நண்பன் ஒருவன் பென் டிரைவில் ஒரு விளையாட்டைக் கொடுத்திருந்தான். கறுப்புத் திரை, நடுவில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்குக் கீழே நேரம் ஓடும். மவுஸ் இம்மி அசைந்தாலும், கீபோர்டில் விரல் பட்டாலும் புள்ளி அணைந்துவிடும், ஆட்டம் முடிந்தது. சுடுவது, ஓடுவது, தாண்டுவது எதுவும் கிடையாது. ஒன்றும் செய்யாமல் இருக்கிறவன்தான் ஜெயிப்பான். நான் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் மூடியிருந்தேன்.

சித்தியை என் வீட்டுக்கு வரவழைத்து, தலையணையை மேசைமேல் வைத்து, கட்டுப் போட்ட கையை அதில் படுக்கவைத்தேன். விரல் நுனிகள் இரண்டு மவுஸைத் தொடுகிற மாதிரி வைத்தேன்.

“இப்ப என்னலே செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது சித்தி. அம்புட்டுதான்.”

“செஞ்சா?”

“அந்தப் புள்ளி அணைஞ்சிரும். நீங்க தோத்துட்டீக.”

“இதக் கண்டுபிடிச்ச வேலையத்தவன் யாருலே? இதுக்கா காலேஜுல அம்புட்டு வருசம் படிச்ச?”

சொல்லி முடிக்கவில்லை, புள்ளி அணைந்தது. சித்தி மவுஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நா அசைக்கலையே.”

“அசைஞ்சிருக்கு சித்தி.”

“ஒன் மிசினு பழுதுலே. திருப்பிப் போடு.”

திருப்பிப் போட்டேன். அணைந்தது. மறுபடி போட்டேன். அணைந்தது. இந்த முறை அவள் திரையை விட்டுவிட்டுத் தன் விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலை நோக்கி நகர்ந்தது, இல்லாத காகிதத்தைத் தேடுவதுபோல. அதை அவள் கண்ணால் கண்டாள்.

“ஏலே அன்பு, இது பாட்டுக்கு ஓடுதேலே” என்றாள். “அப்ப அந்தப் பிள்ள சொன்னது நெசந்தானா?”

மகள் சொன்னதை நம்பாதவள், டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவள், மிளகளவுப் புள்ளி சொன்னதை நம்பினாள். மறுநாள் காலையில் நான் பல் விளக்கி முடிப்பதற்குள் வந்து வாசலில் நின்றாள்.

அன்றிலிருந்து அதுதான் அவள் வேலை. வேலை என்றேதான் சொன்னாள். கம்பெனிக்குப் போகிற மாதிரி தலைசீவிப் பூ வைத்து, தூக்குவாளியில் சோறோடு வருவாள். காலையில் அவள் வீட்டுக்குப் போய்த் தலைசீவிவிடுவதும், மத்தியானம் ஊட்டிவிடுவதும் என் அம்மாவின் பொறுப்பு. நான் லேபிள் வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்துக்கொண்டேன். முதலில் ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம்கூடத் தாங்கவில்லை. பிறகு குக்கர் சத்தம் வருகிறவரை தாங்கியது. விரல் நகரப் பார்க்கும்போது அவளே கண்டுபிடித்து, மூச்சை இழுத்துப் பிடிக்கப் பழகிவிட்டாள். வீட்டுக்குப் போன பிறகும், மேசைமேல் மவுஸ் இருக்கிறதாக நினைத்துக்கொண்டு கையை வைத்திருப்பதாக வேல்விழி வந்து சொன்னாள். துண்டு சுருளவில்லையாம்.

சேதி கம்பெனிக்குப் போய்விட்டது. சித்தியோடு ஒரே ஷெட்டில் உட்கார்ந்து குழாய் உருட்டுகிற செல்லக்கனி, வேகத்தில் சித்திக்கு அடுத்த ஆள். எப்போதும் அடுத்த ஆளாகவே இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

“என்ன மதினி, கம்ப்யூட்டர் படிக்கீகளாமே?”

“ஒக்காரு. நீயும் படி.”

செல்லக்கனி வளையலை மேலே ஏற்றிவிட்டு மவுஸில் கை வைத்தாள். ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. அடித்தாள். புள்ளி அணைந்தது.

“ஈயிக்காகத் தோத்தது கணக்குல வராது!”

“ஈ ஏன் என் மூக்குல ஒக்காரல? ஒழைக்கிறவ யாருன்னு அதுக்குத் தெரியும்” என்றாள் சித்தி. சிரிக்கும்போதுகூடக் கையைத் தனியாக விட்டுவிட்டு உடம்பு மட்டும்தான் குலுங்கியது. அதைப் பார்த்துச் செல்லக்கனிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “எப்பிடி மதினி?” என்றாள் மெதுவாக.

அந்த வருஷம் கரண்ட் வேறு நினைத்தபோதெல்லாம் போய்வந்தது. நன்றாகத் தாங்கிக்கொண்டிருக்கும்போது திரை இருண்டுவிடும். “கரண்ட் போனா நா தோத்தவளா? ஈ.பி.காரன்ல தோத்தவன்!” என்று சண்டைக்கு வருவாள். கரண்ட் இல்லாத நேரத்திலும் கையை எடுக்கமாட்டாள்.

அவளுக்குச் சோதனை கொண்டுவந்ததும் செல்லக்கனிதான். சீசன் உச்சத்தில் ஆள் போதவில்லை. கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய காகிதக் கட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து என் வீட்டு நடையில் இறக்கினாள். “இடது கையால நீங்க தாளை மட்டும் பிரிச்சுக் குடுங்க மதினி, நா உருட்டிக்கிறேன். ஆர்டர் நிக்குது.”

சித்தி காகிதத்தைப் பார்த்தாள். பசித்தவள் சோற்றைப் பார்க்கிற பார்வை அது. வலது கட்டைவிரல் துடித்தது, புள்ளி அணைந்தது.

“தூக்கிட்டுப் போ செல்லக்கனி. கண்ணுல காட்டாத” என்றாள். “என் கை காகிதத்தப் பாத்தா என் பேச்சக் கேக்காது.”

செல்லக்கனி கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சத்தத்தில் வித்தியாசம் தெரியும். பரிசோதனைக்கு விடுகிற வெடி மேலே போய் வெடிக்கும். இது தரையில் இருந்து வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. செல்லக்கனி கட்டைப் போட்டுவிட்டு ஓடினாள், பின்னாலேயே நானும். தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து, எங்கே புகை எழும்புகிறது என்று வானத்தைப் பார்த்தார்கள். சித்தப்பா அன்று கிழக்கே ஒரு கம்பெனியில் லோடு ஏற்றப் போயிருந்தார். கிழக்கில் புகை இல்லை. மேற்கிலும் இல்லை. யார் யாரோ செல்போனில் கத்தினார்கள். கடைசியில் சைக்கிளில் வந்த ஒருவர், “கல்குவாரில வெடி வச்சிருக்கான். போங்க, போய்ச் சோலியப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தெரு முழுக்க மூச்சு விட்டது. செல்லக்கனி அழுதுகொண்டே சிரித்தாள்.

சித்தி வெளியே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே ஓடினேன்.

நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. சித்தி எழுந்து நின்றிருந்தாள். உடம்பு முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்து, இடது கை கம்பியைப் பிடித்திருந்தது. சேலை நழுவியிருந்தது, முகமெல்லாம் கண்ணீர். வலது கை மட்டும் தலையணைமேல், வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

“எங்கனலே? ஒங்க சித்தப்பா போன பக்கமா?”

“இல்ல சித்தி. குவாரிச் சத்தம். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல.”

“நெசமா?”

“நெசமா.”

அவள் மெல்ல நிமிர்ந்தாள். நாற்காலியை நிமிர்த்திப் போட்டேன், உட்கார்ந்தாள். இவ்வளவுக்கும் பிறகு கை அசையவில்லை என்று அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஏதோ அடுத்தவள் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். “இனிமே இது என் பேச்சக் கேக்கும்லே” என்று மட்டும் சொன்னாள்.

மதுரைக்குக் கட்டுப் பிரிக்கப் போனபோது நானும் கூடப் போனேன். சித்தப்பா உள்ளே வர மாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். டாக்டரம்மா துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கடைசிச் சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். படித்தவன் என்ற தைரியமெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை.

“பிடிச்சிருச்சும்மா” என்றார் டாக்டரம்மா. “பூராவும் பிடிச்சிருச்சு.”

கண்ணைத் திறந்தேன். கத்தரிப்பூ நிறத்தில், மேடுபள்ளமாக, பார்க்க அழகாக இல்லாத ஒரு தோல். ஆனால் ஓரத்துக்கு ஓரம் கையோடு சேர்ந்திருந்தது.

“மெதுவா மடக்குங்க பார்ப்போம்.”

சித்திக்குப் பயமாக இருந்தது. டாக்டரம்மா விரல்களுக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார். முதலில் சுண்டுவிரல் மடங்கியது, பிறகு மற்றவை. பாதி தூரம்தான். “இது போதும். மீதி வீட்டுல பழகப் பழக வரும்” என்றார். சித்தி கும்பிட வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு கையும் சேரவில்லை. இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தோம். எங்களைக் கண்டதும் சித்தப்பா நெருங்கி வரவில்லை, இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

“என்ன சொன்னாக?”

“பிடிச்சுக்கிருச்சாம்” என்றாள் சித்தி.

லாரி லாரியாகப் பெட்டி தூக்குகிற அந்த மனிதர், வேப்பமரத்தடியில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“எந்திரிங்க. ஆளுக பாக்காக. வேட்டியெல்லாம் மண்ணு.”

“செத்த நேரம் இருக்கேன் குருவு.”

“பஸ்ஸு போயிருமே?”

“போகட்டும். அடுத்த பஸ்ஸு வரும்.”

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.